காலாவதி ஆகாத பெயர்

அந்த மருந்தாளுநர் முதன்முதலில் வந்த அன்று வக்கீலம்மாவுக்குத் தலைவலி. மேசைமேல் மாத்திரை அட்டை கிடந்தது. மனிதர் தன் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டே அந்த அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பேச்சை நிறுத்தினார்.

"இது போன மாசமே காலாவதி ஆயிடுச்சு மேடம். சாப்பிடாதீங்க."

சொல்லிவிட்டு அட்டையைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குப்பைத்தொட்டியில் போட்டால் யாராவது எடுத்துச் சாப்பிட்டுவிடுவார்களாம். இப்படிப்பட்ட ஆளைத்தான் முன்பொரு நாள் கலப்பட மருந்து விற்றதாகப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு கம்பெனி அனுப்பிய இருமல் மருந்தில் கோளாறு. குடித்த சிலர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். கம்பெனிக்காரன் எங்கே இருக்கிறான் என்று தேடுவதைவிடக் கடையில் வெள்ளைக் கோட்டு போட்டு நின்றவரைப் பிடிப்பது சுலபம். பிடித்தார்கள். பத்திரிகைகள் படத்தோடு போட்டன. பிறகு சோதனைக்கூட அறிக்கை வந்தது, இவர்மேல் ஒரு தப்பும் இல்லை என்று கோர்ட்டே சொல்லி அனுப்பியது. அந்தச் செய்தியை ஒரே ஒரு பத்திரிகை, வானிலை அறிக்கைக்குப் பக்கத்தில், நாலு வரி போட்டது.

அன்றிலிருந்து அவர் பெயரை இணையத்தில் யார் தட்டினாலும் முதலில் வருவது அந்தக் கைதுப் படம்தான். தலை குனிந்தபடி, இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில். எந்த மருந்துக்கடையில் சேர்ந்தாலும் முதல் வாரம் முதலாளி சிரித்த முகமாக இருப்பார். இரண்டாவது வாரம் யாரோ பெயரைத் தட்டிப் பார்த்திருப்பார்கள். மூன்றாவது வாரம் இவர் வேறு கடை தேடிக்கொண்டிருப்பார்.

"மாத்திரைக்குக்கூடக் காலாவதி தேதி போடுறோம் மேடம். என்னைப் பத்தி எழுதினதுக்கு யாரும் தேதி போட மாட்டேங்கறாங்க" என்றார்.

வக்கீலம்மாவுக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. தலைவலியையும் மறந்து அதைக் குறித்து வைத்துக்கொண்டார். இது நல்ல கேஸ் என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம். சட்டம் படித்தவர்களுக்கு இந்த வியாதி உண்டு. எதிரில் ஆள் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பான். அவர்கள் கண்ணுக்கு அவனுக்குப் பின்னால் நிற்கிற கொள்கைதான் தெரியும்.

பெயரைத் தட்டினால் எடுத்துக் காட்டுகிற தேடல் கம்பெனிமேலும் பத்திரிகைகள்மேலும் மனு தயாரானது. குமாஸ்தா தட்டச்சு செய்தார். அவருக்கு ஆபீசில் 'வாய்தா' என்று பெயர், எந்தக் கேஸ் கட்டைப் பார்த்தாலும் "அடுத்த வாய்தா எப்பம்மா?" என்றுதான் ஆரம்பிப்பார். மனுவின் தலையில், எல்லா மனுவிலும் போடுகிற மாதிரி, மனுதாரரின் முழுப்பெயரைப் போட்டார். பிள்ளைக்குப் பெயர் வைக்கிறவர்கள் நாலு பேரைக் கலந்துகொள்கிறார்கள். வழக்குக்குப் பெயர் வைக்க யாரும் யாரையும் கேட்பதில்லை. போட்டவர் பெயர் எதுவோ அதுவே வழக்கின் பெயர். சில குடும்ப வழக்குகளில் பெயரை மறைத்து முதலெழுத்து மட்டும் போடுவார்கள். அதை ஆரம்பத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். வக்கீலம்மா கேட்கவில்லை. பழைய செய்தியை நீக்கச் சொல்லும் உரிமையை, மறக்கப்படும் உரிமையைக் கேட்டுப் பக்கம் பக்கமாக எழுதிய மனுவில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

வழக்கு வளர்ந்தது. வருஷங்கள் போயின.

முதலில் எதிரில் ஒரு வக்கீல்தான் நின்றார். பிறகு பந்திக்கு வருவதுபோல ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். தேடல் கம்பெனிக்கு வந்த சீனியர், "நாங்க வெறும் கண்ணாடி. முகம் நல்லா இல்லேன்னா கண்ணாடிய உடைக்கச் சொல்றது நியாயமா?" என்றார். பத்திரிகைச் சங்கத்தின் வக்கீல் எழுந்து, "இன்னிக்கு இவரு கைதான செய்திய அழிப்பீங்க. நாளைக்கு ஒரு மந்திரி வந்து தன்னோட ஊழல் செய்திய அழிக்கச் சொல்வாரு. அப்ப என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் வக்கீலம்மாவுக்கு எரிச்சல். அரசாங்க வக்கீல் ஒவ்வொரு முறையும் எழுந்து, இது சம்பந்தமாக மசோதா ஒன்று தயாராகிறது, அதுவரை ஒத்திவைக்க வேண்டும் என்பார். நீதிபதி ஒத்திவைப்பார். குமாஸ்தா வாய்தா தேதியைக் குறித்துக்கொள்வார். மசோதா வரும், கருத்துக் கேட்பார்கள், கருத்துச் சொல்வார்கள், கிடப்பில் போடுவார்கள், தூசி தட்டி மறுபடி எடுப்பார்கள். நீதிபதிகூட மாறிவிட்டார். புதியவருக்கு மறுபடியும் இருமல் மருந்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

கோர்ட்டு மரப்பெஞ்சின் கடைசியில் மருந்தாளுநரும் அவர் மனைவியும் ஒவ்வொரு தடவையும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். மனைவி தையல் வேலை செய்கிறவள். பையில் பித்தான் தைக்கவேண்டிய சட்டைகளைக் கொண்டுவருவாள். கோர்ட்டுக்குள் ஊசியை எடுக்கக்கூடாது என்று காவலர் சொன்னபிறகு சும்மா உட்கார்ந்து பேச்சைக் கேட்டாள். கேட்டுக் கேட்டு அவளுக்குப் பாதிச் சட்டம் மனப்பாடம்.

"எல்லாரும் பேசறாங்க. இவரப் பத்தி மட்டும் யாருமே பேச மாட்டேங்கறாங்களே" என்று ஒருநாள் படியிறங்கும்போது சொன்னாள். வக்கீலம்மா களைப்பில் அதைக் காதில் வாங்கவில்லை.

இறுதி வாதம் வந்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எல்லாத்தையும் அழிச்சுட்டா சரித்திரமே இருக்காதே வக்கீலம்மா. எங்க கோடு போடறது?" என்று கேட்டார்.

வக்கீலம்மா தயாராக வந்திருந்தார். எதிர்ப்பக்கத்தின் வாயை அடைக்க ஒரு பெருந்தன்மையான பதிலை யோசித்து வைத்திருந்தார்.

"கனம் நீதிபதி அவர்களே, கோர்ட் ஆவணங்கள்ல கை வைக்கச் சொல்லி நாங்க கேட்கல. தீர்ப்பு எல்லாருக்கும் பொது. அது இருக்கிறபடியே இருக்கட்டும். நாங்க கேட்கறது பழைய செய்திக்கு மட்டும்தான். மாத்திரைக்கே காலாவதி தேதி போடறோம். ஒரு மனுஷன் மேல வந்த பழிக்குப் போடக்கூடாதா?"

கோர்ட்டில் ஒரு சலசலப்பு. பத்திரிகைச் சங்க வக்கீல்கூடத் தலையாட்டினார். நீதிபதி அந்த வார்த்தையை எழுதிக்கொண்டார். வக்கீலம்மாவுக்கு உச்சி குளிர்ந்தது. பெஞ்சின் கடைசியில், அந்த வார்த்தைக்குச் சொந்தக்காரரும் அது நன்றாக எடுபட்டதே என்று சந்தோஷப்பட்டார். அவ்வளவு வெள்ளை மனசு.

தேடல் கம்பெனி பயந்துவிட்டது. மறுநாள் சீனியர் வராந்தாவில் வக்கீலம்மாவை ஓரங்கட்டினார்.

"காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சுக்கலாமே. உங்க ஆளு சம்பந்தப்பட்ட எல்லாத்தையும் நாளைக்கே எடுத்துடறோம். கேஸ் பேரு வர்ற பக்கங்களையும் சேர்த்து. நீங்க வாபஸ் வாங்கிக்கோங்க. எங்களுக்குத் தீர்ப்பு வேண்டாம்."

அன்று சாயங்காலமே புருஷனும் பெண்டாட்டியும் ஆபீசுக்கு வந்தார்கள். அவர்களிடமும் ஒரு செய்தி இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்தகப் பொறுப்பாளர் வேலை. நேர்காணல் முடிந்து, ஆளைப் பிடித்துப்போய்விட்டது. பின்னணி விசாரித்துவிட்டு உத்தரவு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளைக் கோட்டை மறுபடி போட்டுக்கொண்டு, யார் கண்ணுக்கும் பயப்படாமல் நிற்கலாம். விசாரிக்கிறவர்கள் முதலில் என்ன செய்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். பெயரைத் தட்டிப் பார்ப்பார்கள்.

வக்கீலம்மா சமரசப் பேச்சைச் சொன்னார்.

"எல்லாத்தையுமா எடுத்துடுவாங்க?" மனைவியின் முகம் மலர்ந்தது.

"எடுத்துடுவாங்க. ஆனா உங்களுக்கு மட்டும்தான்."

"எங்களுக்கு மட்டும்தானே மேடம் நாங்க கேட்டோம்?"

வக்கீலம்மாவுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் பேசினார். இவரைப் போல எத்தனையோ பேர் வாய் திறக்க வழியில்லாமல் கிடக்கிறார்கள் என்றார். தீர்ப்பு வந்தால் அத்தனை பேருக்கும் கதவு திறக்கும் என்றார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு வாசலில் திரும்பலாமா என்றார். எப்படியும் ஜெயிக்கப்போகிறோம், ஜெயித்தால் அந்தச் செய்திகள் தானாகப் போய்விடும் என்றார். சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் அத்தனைக்கும் அடியில், சட்டப் புத்தகத்தில் வாதாடியவர் என்று தன் பெயர் வரும் என்ற சின்ன ஆசை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அது அவருக்கே தெரிந்துதான் இருந்தது.

மருந்தாளுநர் மனைவியைப் பார்த்தார். பிறகு வக்கீலம்மாவைப் பார்த்தார்.

"மத்தவங்களுக்கும் நல்லதுன்னா இருக்கட்டும் மேடம். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மனைவி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஜெயித்தார்கள். தீர்ப்பு தலையணை கனம். நீதிபதி கடைசிப் பகுதியைப் படித்தபோது, பத்திரிகைக்காரர்கள் கதவருகே நெருக்கியடித்து நின்றார்கள். நிரபராதி என்று விடுவிக்கப்பட்டவர்களின் பழைய கைதுச் செய்திகளைத் தேடலிலிருந்து எடுக்க வேண்டும். 'மாத்திரைக்கே காலாவதி தேதி உண்டு' என்ற வரி தீர்ப்பின் முதல் பக்கத்திலேயே இருந்தது. வராந்தாவில் வக்கீலம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்காதவர்கள் இல்லை. வாய்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே இந்தக் கேஸுக்கு அடுத்த வாய்தா கிடையாதும்மா" என்றார்.

ஒரு வாரம் கழித்து, தீர்ப்பின்படி கைதுச் செய்திகள் எல்லாம் போய்விட்டன என்று சொல்ல வக்கீலம்மா அவர்களைக் கூப்பிட்டார். வந்தவர்களின் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி போனை எடுத்துப் புருஷனின் பெயரைத் தட்டி, மேசையில் வைத்தாள்.

பழைய படம் இல்லை. அந்த இடத்தில் முதலில் வந்தது கோர்ட்டின் சொந்தத் தளம். வழக்கின் பெயராக அவருடைய முழுப்பெயர். திறந்தால் மூன்றாவது பத்தியில் வழக்கின் வரலாறு: எந்தக் கடை, எந்த மருந்து, எத்தனை பேர் படுத்தார்கள், எப்போது கைது. பத்திரிகைகள் எழுதியதைவிடக் கோர்ட் விலாவாரியாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே இன்றைய பத்திரிகைகள்; இது புதுச் செய்தி, பழசு இல்லை, எடுக்கச் சொல்ல முடியாது. அதற்குக் கீழே இதுவரை அவரைப் பற்றிக் கேள்வியே பட்டிராத தூரத்து ஊர்களின் சட்டக் கல்லூரிகள். எல்லாவற்றிலும் அவர் பெயர். அந்த விதிக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

"முன்னாடி பத்து வரியில இருந்தாரு மேடம். இப்ப புஸ்தகமா இருக்காரு" என்றாள் மனைவி.

வக்கீலம்மா பதறிப்போய் அன்றே ஒரு மனு எழுதினார். தீர்ப்பில் பெயரை மறைத்து முதலெழுத்து மட்டும் போட வேண்டும் என்று. நீதிபதி நல்ல மனிதர், அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. பக்கங்களைப் புரட்டி, ஓர் இடத்தில் விரலை வைத்து, மெதுவாகப் படித்தார். கோர்ட் ஆவணங்கள் இருக்கிறபடியே இருக்கட்டும் என்று மனுதாரரின் வக்கீலே ஒப்புக்கொண்டதால், அவை இந்தத் தீர்ப்புக்கு விலக்கு.

"இது நீங்க சொன்னதுதானே வக்கீலம்மா? இத நம்பித்தானே மத்தவங்க எல்லாம் ஒத்துக்கிட்டாங்க? இப்ப உங்களுக்காக நானே மீறினா, நாளைக்கு இந்தத் தீர்ப்ப ஒருத்தரும் மதிக்க மாட்டாங்களே."

வக்கீலம்மா மனுக் கட்டை மூடினார்.  தன் வாயாலேயே அந்த மனிதரின் தலையில் கல்லைப் போட்டுவிட்டோம் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. தோள்பட்டை வலித்தது. அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு எங்காவது போய்ப் படுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து மருந்தாளுநருக்குப் போன் வந்ததாம். ரொம்ப மரியாதையாகப் பேசினார்களாம். உங்கள் போராட்டத்தைப் பற்றிப் படித்தோம், பெருமையாக இருக்கிறது என்றார்களாம். ஆனால் மருந்தகப் பொறுப்பு என்பது நோயாளிகளின் நம்பிக்கை சம்பந்தப்பட்டது, பெயர் இவ்வளவு பிரபலமாக இருந்தால் அவர்கள் கேள்வி கேட்பார்கள், ஆகையால் பிறகு பார்க்கலாம் என்றார்களாம். பிறகு பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? இப்போது அவர் மொத்த மருந்துக் கிடங்கு ஒன்றில், ஜன்னல் இல்லாத பின்னறையில், பெட்டிகளைப் பிரித்து அடுக்குகிறார். அங்கே யாரும் யார் பெயரையும் கேட்பதில்லை.

வக்கீலம்மாவே அவரைத் தேடிக்கொண்டு கிடங்குக்குப் போனார். அட்டைப்பெட்டி வாசனையும் மருந்து நெடியும் கலந்த அந்த அறையில், ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அவரை உட்காரவைத்தார் மருந்தாளுநர்.

"பேர மாத்திக்கலாம் சார். நானே பண்ணித் தரேன். ஒரு காசு வேண்டாம்."

"மாத்தினா அரசிதழ்ல போடணும்ல மேடம்? பழைய பேரு இது, புதுப் பேரு இதுன்னு?"

"ஆமா…"

"அரசிதழும் இப்ப இணையத்துலதானே வருது?"

 மருந்தாளுநர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து வக்கீலம்மா பார்த்ததே இல்லை. கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"நீங்க வேணும்னு செஞ்சீங்களா என்ன? விடுங்க. நிஜமாவே நாலு பேருக்கு நல்லது நடந்திருக்கு. போன வாரம் ஒரு வாத்தியாரோட பழைய செய்தியெல்லாம் இதே தீர்ப்ப வச்சுத்தானே எடுத்தாங்க? படிச்சேன்." கையிலிருந்த அட்டையின் தேதியைப் பார்த்து, ஒதுக்கி வைத்தார். "ஒரே ஒரு உதவி மேடம். நீங்களாவது எங்கயாவது பேசும்போது என் பேரச் சொல்லாதீங்க."

"சத்தியமா சொல்ல மாட்டேன் சார்."

அந்தச் சத்தியத்துக்குச் சோதனை சீக்கிரமே வந்தது. கிடப்பில் கிடந்த மசோதாவுக்கு மறுபடி உயிர் வந்து, அதைப் பற்றி ஒரு பெரிய கருத்தரங்கம். குளிரூட்டிய அரங்கம், மேடையில் பூ வைத்த நீளமேசை, பின்னால் ஆள் உயரத்துக்குத் திரை. வராதவர்களும் பார்க்கட்டும் என்று இணையத்தில் நேரலை. வக்கீலம்மாதான் சிறப்பு அழைப்பாளர். போக மனசே இல்லை. மசோதாவில் ஒரு வரி சேர்க்கச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் போனார்: இப்படி வழக்குப் போடுகிறவர்களின் பெயரை, அவர்கள் கேட்காவிட்டாலும், கோர்ட் தானாகவே மறைக்க வேண்டும் என்ற வரி.

பேச எழுந்தார்.

"இந்த உரிமை நமக்கு எப்படிக் கிடைச்சதுன்னு உங்களுக்குத் தெரியும். அந்த வழக்குல… அதாவது, அந்த ஒரு வழக்குல…"

தடுமாறினார். முன்வரிசையில் இருந்த ஒரு விரிவுரையாளர், நல்ல பிள்ளை, உதவி செய்கிற எண்ணத்தில் பெயரை எடுத்துக் கொடுத்தார். வக்கீலம்மா வேண்டாம் என்று கையை அசைத்தார். காதில் விழவில்லை என்று கேட்கிறார் போலும் என நினைத்து இன்னொருவர் உரக்கச் சொன்னார். பின்வரிசை மாணவர்கள் கோரஸாகச் சொன்னார்கள். பரீட்சைக்குப் படித்த பெயர், அவர்களுக்கு மறக்குமா? ஒருங்கிணைப்பாளர் தன் ஒலிவாங்கியை இழுத்து, நேரலையில் பார்க்கிறவர்களுக்காக, ஊர் பெயர் அப்பா பெயர் எல்லாம் சேர்த்து அழுத்தந்திருத்தமாக ஒருமுறை சொன்னார். அடுத்த நொடி அது திரையிலும் பெரிய எழுத்தில் வந்து நின்றது.

"மேடம், உங்க சொந்தக் கேஸையே மறந்துட்டீங்களே!" என்றார் ஒருங்கிணைப்பாளர். அரங்கம் பிரியமாகச் சிரித்தது.

வக்கீலம்மா திரும்பித் திரையைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

"ஆமா. மறந்துட்டேன். நீங்களும் மறந்துடுங்களேன், தயவுசெஞ்சு."

அதை நகைச்சுவை என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள். அவர் சொல்லவந்த அந்த ஒரு வரியைச் சொன்னார். யாரோ குறித்துக்கொண்டார்கள், பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். அவர் உட்கார்ந்தார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும், மேடைக்குப் போகும்முன் தன்னிடம் கொடுத்திருந்த போனை வாய்தா நீட்டினார்.

"மருந்துக்காரர்கிட்டேருந்து ஏதோ வந்திருக்கும்மா."

வக்கீலம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

'கிடங்குல எல்லாரும் சேர்ந்து பாத்துக்கிட்டிருந்தோம் மேடம். நீங்க சொல்லவே இல்ல. ரொம்ப நன்றி.'

எல்லாரும் சேர்ந்து. யாரும் யார் பெயரையும் கேட்காத அந்தக் கிடங்கில், எல்லாரும் சேர்ந்து திரையில் அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறார்கள். போவோர் வருவோர் பார்க்கிறார்களே என்ற கூச்சம்கூட இல்லாமல், கார் கதவைப் பிடித்துக்கொண்டு வக்கீலம்மா அழுதார்.